ஹோமிங் ஸ்விட்ச் தேவையா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு

"ஆன்ட்டி, ஹோமிங் ஸ்விட்ச் போடணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

புதிதாக மரம் செதுக்குகிற ரூட்டர் வாங்கிய எல்லோரும் இதைத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. வந்திருந்தால் ரிட்டயர் ஆன பிறகும் இப்படி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேனா? அவசரம் என்றால் போனில் வீடியோ பாருங்கள். ஒருவன் போட்டே ஆகணும் என்பான், இன்னொருவன் காசுக்குப் பிடித்த கேடு என்பான். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதுதான் சிக்கலே.

நான் வேலை பார்த்தது பம்பு பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியின் மெஷின் ஷாப்பில். அங்கே ஒவ்வொரு மெஷினும் ஒரு அறை அளவு இருக்கும். ரிட்டயர் ஆகி அஸ்தினாபுரத்து வீட்டில் உட்கார்ந்த பிறகு, எதிர்வீட்டுக் கார் ஷெட்டில் சலீம் கூட்டி வைத்திருந்த ரூட்டரை முதல் முறை பார்த்தேன். மேஜை மேல் ஒரு குறுக்குப் பாலம், அதில் தொங்குகிற ஒரு மோட்டார், அதன் மூக்கில் பென்சில் மாதிரி ஒரு பிட். கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் பாலம் நகர, பிட் சுற்றி மரத்தைச் செதுக்குகிறது. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னப்பா, இட்லித் தட்டு மாதிரி ஆடுது?" என்று கேட்டேன். பாவம், அவன் முகம் சுருங்கிப் போனது. ஆனால் அன்றிலிருந்து தினமும் அங்கே போய் உட்கார ஆரம்பித்ததும் நான்தான்.

இந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. ஸ்விட்சைப் போட்டதும் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பஸ்ஸில் தூங்கி எழுந்தவன் எந்த ஸ்டாப் என்று முழிக்கிற மாதிரி முழிக்கும். மூலையில் ஒரு சின்ன ஸ்விட்சை வைத்து, "போய் அதைத் தொட்டுவிட்டு வா" என்று அனுப்புவதுதான் ஹோமிங். தொட்டதும் இதுதான் என் மூலை என்று அதற்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் மரத்தின் எந்த இடத்தில் ஜீரோ வைத்தாலும், அதாவது அளவு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று காட்டினாலும், அந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

பெயர்ப் பலகை வெட்ட இதெல்லாம் வேண்டாம். கண்ணால் பார்த்து ஜீரோ வையுங்கள். கெட்டுப் போனால் இன்னொரு பலகை எடுங்கள். இதையேதான் சலீமிடமும் சொன்னேன்.

சலீம் ஒரு கார் பாகக் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து, பொழுதுபோக்காக வைத்திருந்த ரூட்டரையே பிழைப்பாக்கினான். படம் வரைவது அவன் மனைவி ரிஸ்வானா. அவள் வரைந்தால் கோடு பேசும். மெஷினை மேம்படுத்தலாம் என்று முடிவானதும் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. அவனுக்குப் பெரிய ஸ்பிண்டில் வேண்டும், அதாவது பிட்டைச் சுற்றுகிற அந்த மோட்டார். அவளுக்கு ஸ்விட்ச் வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் இவர் கண்ணால பாத்து ஜீரோ வைக்கிறாரு ஆன்ட்டி. ஒரு பூ ரெண்டு பூவா வருது. நான் வரையறது ஒண்ணு, வர்றது ஒண்ணு."

"ஆன்ட்டி, அவ சும்மா சொல்றா. எனக்கு கண்ணு அவ்வளவு கரெக்ட்."

"கண்ணு கரெக்ட்டா? நேத்து உப்பு டப்பாவ எடுத்து டீக்குப் போட்டது யாரு?"

கடைசியில் இரண்டையும் வாங்கினார்கள். மூலைக்கு ஸ்விட்ச், பாலத்தின் இரண்டு பக்கமும் தனித்தனி ஸ்விட்ச், மேலே ஒன்று. பாலம் கோணினால் அதையும் நேராக்கும். ரிஸ்வானா முகத்தில் நிம்மதி. சலீமுக்கு அதில் பொறுமை இல்லை. ஹோமிங் முடிய ஒரு நிமிஷம் ஆகும். அதைச் செய்யாவிட்டால் மெஷின் பூட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் திரையில் 'அன்லாக்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அடித்தால் ஹோமிங் இல்லாமலே வேலை செய்யும். அவன் பாதி நாள் அதைத்தான் அடித்தான். சும்மா சொல்லக்கூடாது, உங்களில் பாதிப் பேரும் அதைத்தான் செய்கிறீர்கள்.

இன்னொரு காரியமும் செய்தான். நம்ம ஊர்க்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்திசாலித்தனம் அது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. லைட், ஃபேன், ஒரு சின்ன பிளக் எல்லாம் அதில் ஓடும். கரண்ட் போனால் வேலை பாதியில் நிற்கக் கூடாது என்று, லேப்டாப்பையும் பாலத்தை நகர்த்துகிற கன்ட்ரோல் பெட்டியையும் அந்தச் சின்ன பிளக்கில் மாட்டினான். புது ஸ்பிண்டிலை இன்வெர்ட்டர் இழுக்காது. அதனால் அது மட்டும் மெயின் லைனில், பவர் பிளக்கில். கரண்ட் போகாத ஊரில் இருக்கிறவனுக்கு இப்படி ஒரு யோசனை வரவே வராது. நானும் பார்த்தேன், எனக்கும் உறைக்கவில்லை. அவன் மூளையைப் பாராட்டக்கூடச் செய்தேன்.

இந்த நிலைமையில்தான் கோமதி வந்தாள்.

கோமதி மாடம்பாக்கத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் மகள் தீபா பிறந்தபோது கொல்லையில் ஒரு பலாக்கன்று வைத்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மரம் நின்றது. போன மழைக்காலத்துப் புயலில் அதுவும் சாய்ந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே முக்கால்வாசி உளுத்துப் போயிருந்தது. வெடிப்பில்லாமல் தேறியது ஒரே ஒரு பலகை. தீபாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாலி கட்டும்போது அவள் அந்தப் பலகையில் செய்த மணையில் உட்கார வேண்டும், மணை மேல் அம்மா வாசலில் போடுகிற சிக்குக் கோலம் இருக்க வேண்டும். கோமதி கேட்டது அவ்வளவுதான்.

"அவங்க அப்பா இருந்து தாரை வாக்க முடியாது. அவரு வெச்ச மரத்து மேலயாவது புள்ள குந்தட்டும் யக்கா," என்று என்னிடம் சொன்னாள். அழவில்லை. பலகையைச் சலீமிடம் கொடுக்கும்போது மட்டும் உடனே கையை எடுக்கவில்லை.

ரிஸ்வானா மாடம்பாக்கத்துக்கே போய், கோமதி கோலம் போடுவதைப் பார்த்து வரைந்து வந்தாள். சிக்குக் கோலம் என்றால் உங்களுக்குத் தெரியும். ஒரே கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி, தன்னையே தாண்டித் தாண்டி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அதில் ஒரு முடி அளவு பிசகினாலும் கோடு இரட்டையாகத் தெரியும். கண்ணில் குத்தும்.

வெட்டிய அன்று காலையில் நான் போனபோது சலீம் மெஷினை அப்போதுதான் ஆன் செய்துகொண்டிருந்தான். ரிஸ்வானா எனக்கு டீ கொடுத்தாள். வைக்க இடம் தேடி, மெஷினின் பின்பக்க வலது மூலையில் சட்டத்தின் மேல் கிளாஸை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தேன். பாலம் விர்ரென்று பின்னால் வந்து கிளாஸைத் தட்டிவிட்டது. என் வெளிர்மஞ்சள் காட்டன் புடவை முழுக்க டீ.

"டேய்! கண்ணு பொடனியிலயா இருக்கு? மெஷின ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்ல மாட்ட?"

"சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி…"

"புதுப் புடவைடா! சாரியாம் சாரி!"

நன்றாகத் திட்டினேன். வீட்டுக்குப் போய் மாற்றி வரலாம் என்றால் பலகையை மாட்டுவதைப் பார்க்காமல் போக மனசில்லை. கறையோடு அங்கேயே உட்கார்ந்தேன். அவன் பலகையை வைத்து இறுக்கினான், அதன் ஒரு மூலையில் ஜீரோ வைத்தான், முதலில் விளிம்பையும் மூலைகளையும் வளைவாகச் செதுக்கி எடுத்தான். பிறகு கோலம் ஆரம்பமானது.

மத்தியானத்துக்கு முன் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. பலா மரத்தின் மஞ்சளில் கோடு அப்படியே கோலமாவில் போட்ட மாதிரி பதிந்து வந்தது. கோமதியும் பத்திரிகை வைக்க வந்தவள், அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஸ்பிண்டிலின் சத்தம் இறங்கியது. கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, முனகி, அடங்கிவிட்டது. ஆனால் பாலம் நிற்கவில்லை. சுற்றாத பிட்டை மரத்தில் குத்தியபடியே இழுத்துக்கொண்டு போனது. ஃபேன் ஓடுகிறதே, கரண்ட் போயிருக்கும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? உள்ளேயிருந்து ரிஸ்வானா கத்தினாள்.

"மிக்ஸி நின்னு போச்சுங்க! கரண்ட் போயிடுச்சா?"

அப்போதுதான் சலீமுக்குப் புரிந்தது. பாய்ந்து சிவப்பு பட்டனை அடித்தான். அதற்குள் மோட்டார்கள் உறுமி, பாலம் ஒரு பக்கமாகக் கோணி, பிட் படக்கென்று ஒடிந்து பறந்தது.

ஃபேன் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஃபேன் மேல் வந்த கோபம் இருக்கிறதே!

"இன்னாச்சு? இன்னாத்துக்கு நின்னுகினு கீது?" கோமதி எழுந்துவிட்டாள். "பலகைக்கு இன்னாப்பா ஆச்சு? வாயத் தொறந்து சொல்லு!"

குனிந்து பார்த்தோம். நல்ல காலம், பிட் ஏற்கனவே வெட்டியிருந்த பள்ளத்துக்குள்ளேயே இழுபட்டு, அங்கேயே ஒடிந்திருந்தது. மரத்தில் வெளியே கீறல் இல்லை. மரம் தப்பியது. ஆனால் பாலம் இப்போது நிற்கிற இடம் வேறு, அது நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிற இடம் வேறு. மீதிக் கோலத்தை எங்கிருந்து தொடர்வது? ஜீரோ வைத்த மூலையையும் முதல் வேலையிலேயே வளைத்து எடுத்தாயிற்று. திரும்பத் தொட்டுப் பார்க்க அந்த மூலை இல்லை.

சலீம் ஒரு புது பிட்டை எடுத்தான். "கண்ணால பாத்து பள்ளத்துல இறக்கிடறேன் ஆன்ட்டி. அங்கேருந்து ஸ்டார்ட் பண்ணிடலாம். அக்கா, அஞ்சு நிமிஷம், ஒண்ணும் ஆகல, சரி ஆயிடும்."

அந்த நேரத்தில் எனக்கு என் முதல் ஃபோர்மேன் ஞாபகம் வந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெஷின் முட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் ஓடிப்போய் ஆளுக்கொரு பட்டனில் கை வைத்தோம். அவர் மெதுவாக நடந்து வந்து, "எல்லாரும் கையப் பின்னால கட்டு" என்றார், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. கட்டினோம். "மெஷின் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கு? நிஜம் என்ன? ரெண்டையும் சொல்றவன் மட்டும் கைய எடு," என்றார். ரொம்ப நேரம் யாரும் கையை எடுக்கவில்லை. அந்த மனுஷன் எனக்குக் கற்றுக்கொடுத்ததிலேயே உருப்படியானது அதுதான். மற்ற நேரமெல்லாம் சள்சள்ளென்று விழுவார்.

"சலீம், பிட்டக் கீழ வை. கையப் பின்னால கட்டு."

"ஆன்ட்டி, விளையாடாதீங்க—"

"கட்டுடா!"

கட்டினான். கோமதியும் எதற்கென்று தெரியாமலே கையைக் கட்டிக்கொண்டாள். ரிஸ்வானா வாசலில் வந்து நின்றாள், கையில் தேங்காய்ச் சட்னியோடு.

ரிஸ்வானாதான் கேட்டாள். "ஸ்விட்ச் இருக்குல்ல? திரும்ப ஹோம் பண்ணா மூலையக் கண்டுபிடிச்சுடும். ஜீரோ எங்கன்னு அதுக்கு ஞாபகம் இருக்கும்ல?"

சலீம் திரையில் இருந்த அன்லாக் பட்டனைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலையில் ஹோமிங் செய்துவிட்டு ஜீரோ வைத்திருந்தால்தான் அந்த ஞாபகத்துக்கு அர்த்தம். அன்லாக் அடித்துவிட்டு வைத்திருந்தால், மெஷின் காலையில் நின்ற ஏதோ ஒரு இடத்திலிருந்து எடுத்த அளவு அது. அந்த இடம் எது என்று யாருக்குத் தெரியும்?

"காலையில ஹோம் பண்ணியா, அன்லாக் அடிச்சியா?" என்று கேட்டேன்.

"தெரியல ஆன்ட்டி." தலையை ஆட்டினான். "அல்லா, சத்தியமா ஞாபகம் இல்ல. தெனம் ரெண்டையும் மாத்தி மாத்தி அடிக்கிறேன். இன்னைக்கி எத அடிச்சேன்னு…"

"நெனச்சுப் பாருங்க," என்றாள் ரிஸ்வானா.

"நெனச்சா வரலயே!"

கோமதி கட்டிய கையை அவிழ்த்தாள். பலகையின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வேற பலக இல்லப்பா," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தேன்.

குனிந்தால் என் மடியில் அந்த டீக்கறை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கிளாஸை வைத்தது பின்பக்க வலது மூலையில். ஸ்விட்ச் இருப்பதும் அங்கேதான். அன்லாக் அடித்தால் பாலம் நின்ற இடத்திலேயே நிற்கும், ஒரு நூல் நகராது. மெஷின் தானாக அந்த மூலைக்கு ஓடி வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"டேய் சலீம்! என் புடவையப் பாருடா!"

"மன்னிச்சுடுங்க ஆன்ட்டி, புதுசு வாங்கித் தர்றேன், இப்ப போய்—"

"அட மண்டு! என் டீய யாரு தட்டிவிட்டது? பாலம் ஏன் அந்த மூலைக்கு வந்துச்சு?"

அவன் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தான். ரிஸ்வானாவுக்கு அவனுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. "ஹோம் பண்ணியிருக்கீங்க! ஹோம் பண்ணியிருக்கீங்க!" என்று கத்திக்கொண்டே சட்னிப் பாத்திரத்தை லேப்டாப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். அதற்கும் ஒரு திட்டு வாங்கினாள்.

கையை அவிழ்த்தோம். ஆனாலும் ஓடிப்போய்த் தொடங்கவில்லை. கரண்ட் வரும்வரை காத்திருந்தோம். வந்ததும் ஹோம் செய்தான். கோணிப்போயிருந்த பாலம் ஒரு பக்கம் தொட்டு, மறுபக்கம் தொட்டு, நேராகிக்கொண்டது. புது பிட்டை மாட்டி, ஆழத்தைச் சரி பார்த்து, ஸ்பிண்டிலைச் சுற்றவிடாமல், ஏற்கனவே வெட்டிய கோட்டின் ஒரு வளைவுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். அங்கே மெதுவாக இறக்கினான். நான்கு தலைகள் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்திருந்தோம்.

பிட்டின் முனை பள்ளத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

சலீம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ரிஸ்வானா அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். கோமதிக்கு என்ன நடந்தது என்று முழுக்க விளங்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். "வூட்டுக்காரரு கைவுடலப்பா," என்றாள். சொல்லிவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். எனக்கும் கண் கலங்கியது. டீக்கறை முந்தானையாலேயே துடைத்துக்கொண்டேன்.

மறுநாளே சலீம் எல்லாவற்றையும் ஒரே லைனுக்கு மாற்றினான். கரண்ட் போனால் ஸ்பிண்டில், பாலம், பெட்டி எல்லாம் ஒன்றாக நிற்கும். அந்த அன்லாக் பட்டன் மேல் ரிஸ்வானா ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். திரையில் ஒட்டினால் என்ன பிரயோஜனம் என்று நான் கேட்டதற்கு, "தொடும்போது என் மூஞ்சி ஞாபகம் வரும்ல?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆக, பிள்ளைகளே, ஸ்விட்ச் தேவையா? திரும்ப வாங்க முடிகிற மரத்துக்குத் தேவையில்லை. உங்களிடம் வருகிற மரங்களில் எது திரும்ப வாங்க முடியாதது என்று முன்கூட்டியே தெரியுமானால், அதற்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு அன்லாக் அடிக்கிறவன் காசைச் சாக்கடையில் போடட்டும், அதுவாவது சுலபம்.

கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அந்த வெளிர்மஞ்சள் புடவையைத்தான் கட்டிக்கொண்டேன். எவ்வளவு துவைத்தும் கறை போகவில்லை, மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன். தீபா அந்த மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறும்போது கோமதி பெண்ணைப் பார்க்கவில்லை, மணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து வலம் வந்து சாப்பிடப் போன பிறகு, மேடையில் ஆள் குறைந்ததும், சலீமும் நானும் மணை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். அரிசியைத் தள்ளிவிட்டு, கோட்டின் மேல் விரலை ஓட்டினோம். பிட் ஒடிந்த இடம் எது என்று பார்க்க வேண்டுமே.

"இங்கதான் ஆன்ட்டி," என்று அவன் ஒரு வளைவைக் காட்டினான்.

"போடா, இங்கேதான்," என்று நான் இன்னொன்றைக் காட்டினேன்.

ரிஸ்வானா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டுமே இல்லை என்று மூன்றாவதாக ஒரு இடத்தைக் காட்டினாள்.